எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்: பத்து வருஷமா படிக்கிற ஒருத்தியோட ரிவ்யூ

2025 நவம்பர்ல பிரேசில்ல பெலெம்ங்கிற ஊர்ல காப் 30ன்னு ஐநாவோட காலநிலை மாநாடு நடந்துச்சுல்ல, அந்த ரெண்டு வாரமும் காலைல அடுப்புல ஒரு கண்ணு மெயில்ல ஒரு கண்ணுன்னுதான் இருந்தேன். அங்க ராத்திரி கூட்டம் முடிஞ்சு எழுதி அனுப்புறாங்க, நமக்கு எட்டரை மணி நேரம் முன்னாடி ஓடுறதால இங்க வந்து சேரும்போது சமையல் முடிஞ்சிருக்கும். ரெண்டு பக்கம்தான். முந்தின நாள் எந்த ரூம்ல எந்த விஷயம் பேசினாங்க, யார் என்ன சொன்னாங்க, எது ஒத்துக்கிட்டாங்க எது இழுபறின்னு எல்லாம் அதுல இருக்கும். பேரு எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின், சுருக்கமா ஈ.என்.பி., கனடாவுல இருக்கிற ஐ.ஐ.எஸ்.டி.ங்கிற நிறுவனம் நடத்துது, காசு எதுவும் கிடையாது, மெயில் ஐடி குடுத்தா போதும்.

காடு, காலநிலை பத்தி உலக நாடுகள் கூடி என்ன பேசுதுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்க நிறைய பேர் நம்ம பக்கம் இருக்காங்க, ஆனா பேப்பர்ல வர்றது ரெண்டே விதமாதான் இருக்கு, வரலாற்று ஒப்பந்தம்னு ஒரு தலைப்பு இல்லன்னா தோல்வின்னு ஒரு தலைப்பு. நடுவுல அந்த ரெண்டு வாரம் என்ன நடந்துச்சு, யார் கேட்டது கிடைச்சுது யார் கேட்டது கிடைக்கலன்னு தெரிய வேற வழி எனக்குத் தெரியல, அதனாலதான் இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

நான் படிக்க ஆரம்பிச்சது 2015 டிசம்பர், பாரிஸ் மாநாடு சமயம். எங்க வாசிப்புக் குழுவுக்கு பாரிஸ் ஒப்பந்தத்தைத் தமிழ்ல சுருக்கிக் குடுக்கணும்னு ஒத்துக்கிட்டேன், ஒப்பந்தத்தை டவுன்லோட் பண்ணிப் படிச்சா ஒண்ணுமே புரியல, எல்லா வாக்கியமும் ஒரே மாதிரி இருக்கு. அப்ப ஒரு பேராசிரியர் சொன்னாங்க, ஒப்பந்தத்தை நேரா படிக்காதம்மா, அது எப்படி எழுதப்பட்டுச்சுன்னு மொதல்ல படி, அப்புறம் அது தானா புரியும்னு. அவங்க காட்டினதுதான் இது.

மொதல்ல பாக்குறப்ப பயமா இருக்கும், சொல்லிடுறேன். சுருக்கெழுத்தா கொட்டிக் கெடக்கும், ஜி 77, ஏ.ஓ.எஸ்.ஐ.எஸ்., எல்.டி.சி., அம்பிரல்லா குரூப்னு. ஜி 77 பிளஸ் சீனான்னா நம்மள மாதிரி வளரும் நாடுகள் எல்லாம் சேந்த பெரிய கூட்டணி, ஏ.ஓ.எஸ்.ஐ.எஸ்.னா கடல் மட்டம் ஏறினா மூழ்கிப்போற சின்னத் தீவு நாடுகள், எல்.டி.சி.னா ரொம்ப ஏழை நாடுகள், அம்பிரல்லா குரூப்னா அமெரிக்கா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா மாதிரி ஐரோப்பிய யூனியன்ல இல்லாத பணக்கார நாடுகள். இந்த நாலு தெரிஞ்சா பாதி புரிஞ்சிடும். பேசின நாட்டோட பேர் தனியா எடுப்பா தெரியிற எழுத்துல இருக்கும், அதனால கண்ணை ஓட்டினாலே யார் வாய் தெறந்தாங்கன்னு தெரியும். நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், பிரிண்ட் எடுத்து நாட்டுப் பேர் மேல மார்க்கர்ல கோடு போடுவேன். ஒரு மாநாட்டோட எல்லா இதழுக்கும் இப்படிப் போட்டுப் பாருங்க, அதே பேருங்கதான் திரும்பத் திரும்ப மஞ்சளா தெரியும். ஆப்பிரிக்காவுல காங்கோ காட்டை வச்சிருக்கிற நாடுகள் பேரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும், அவங்க காட்டைப் பத்திப் பேசுற அன்னிக்கும் கூட.

ஏன் அப்படின்னு ஆரம்பத்துல புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரே நேரத்துல பல ரூம்ல பல கூட்டம் நடக்கும், பெரிய நாடு ஒவ்வொரு ரூமுக்கும் வக்கீல், விஞ்ஞானின்னு ஆள் அனுப்பும், சின்ன நாட்டுல மூணு பேர் வந்திருப்பாங்க, அந்த மூணு பேரும் ஓடிக்கிட்டே இருக்கணும். அதோட முக்கியமான விஷயம் ஒண்ணு, ஆறு மொழியில மொழிபெயர்ப்பு இருக்கிறது பெரிய மேடைக்கு மட்டும்தான், உண்மையில வரைவு எழுதுற சின்ன ரூம்ல எல்லாம் இங்கிலீஷ் மட்டும்தான். பிரெஞ்சு பேசுற காங்கோக்காரங்களும் ஸ்பானிஷ் பேசுற பொலிவியாக்காரங்களும் ராத்திரி ரெண்டு மணிக்கு இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல்லுக்காக வாதாடணும், எதிர்ல இருக்கிறவங்களுக்கு அது தாய்மொழி. தாய்மொழி இல்லாத மொழியில அரசு ஆபீஸ்ல ஒரு மனு எழுதிக் குடுத்தவங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். பெலெம்ல இதோட ரூம் வாடகையும் சேந்துச்சு, ஹோட்டல் விலை அவ்ளோ ஏறிப்போச்சு, ஏழை நாடுகள் எங்களால ஆளை அனுப்ப முடியலைன்னு மாநாட்டுக்கு மாசக்கணக்கா முன்னாடியே புகார் சொல்ல ஆரம்பிச்சாங்க, பிரேசில் ரெண்டு குரூஸ் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தித் தங்க வச்சுது. ரூம் கிடைக்காத நாடு எப்படி வாதாடும்.

எனக்கு இந்த சர்வீஸ் கத்துக் குடுத்ததுலயே பெரிய விஷயம் ஒருமித்த கருத்துன்னா என்னங்கிறதுதான், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

காலநிலை மாநாட்டுல ஓட்டெடுப்பு கிடையாது. விதிமுறைப் புத்தகத்துல ஓட்டெடுப்பு பத்தி 42ஆம் விதின்னு ஒண்ணு இருக்கு, அதை 90கள்ல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் ஏத்துக்கவே இல்ல, மத்த விதிகளை மட்டும் வச்சு ஒப்பேத்துறாங்க. 2011ல மெக்சிகோவும் பாப்புவா நியூ கினியும் சேந்து கடைசி வழியா ஓட்டெடுப்பு கொண்டு வரலாம்னு திருத்தம் கேட்டாங்க, நகரல. அதனால எல்லாமே ஒருமித்த கருத்து. கேக்க நல்லா இருக்கு, துவாலுங்கிற குட்டித் தீவு நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் சம பலம் மாதிரி. நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.

2010 மெக்சிகோவுல கான்கூன் மாநாடு. ரெட் பிளஸ் திட்டம், அதாவது வளரும் நாடுகள் காட்டை அழிக்காம வச்சிருந்தா அதுக்குக் காசு குடுக்குற ஏற்பாடு, அதுக்கான முக்கியமான முடிவு அங்கதான் வந்துச்சு. பொலிவியா மட்டும் எந்திரிச்சு நாங்க ஒத்துக்கலைன்னு சொல்லுச்சு, மொத்த உடன்பாடும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த பத்தாதுன்னு ஒரு காரணம், காட்டைக் கார்பன் சந்தைக்கு, அதாவது உமிழ்வுக் கணக்கைக் காசுக்கு வாங்கி விக்கிற இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு இன்னொரு காரணம். அவங்க சார்புல பேசினவர் பாப்லோ சோலோன். அதே வருஷம் ஏப்ரல்ல அவங்க ஊர் கோச்சபாம்பாவுல நடந்த மக்கள் மாநாடும் இதையேதான் சொல்லியிருந்துச்சு. தலைமை வகிச்ச மெக்சிகோ வெளியுறவு அமைச்சர் பத்ரீசியா எஸ்பினோசா, ஒருமித்த கருத்துன்னா ஒரு நாடு எல்லாரையும் தடுக்கலாம்னு அர்த்தம் இல்லைன்னு சொல்லிட்டு, முடிவாயிடுச்சுன்னு சுத்தியலைத் தட்டிட்டாங்க. கூட்டம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. முடிவு நிறைவேறிடுச்சு.

இப்ப அஞ்சு வருஷம் தள்ளி வாங்க, 2015 டிசம்பர் 12, பாரிஸ். எல்லாம் முடிஞ்சு கடைசி வரைவு கைக்கு வந்தாச்சு, உள்ள 4ஆம் பிரிவுல பணக்கார நாடுகள் கார்பன் புகை உமிழ்வைக் குறைக்கிறதைப் பத்தி ஷேல்னு ஒரு சொல் இருந்துச்சு, செஞ்சே ஆகணும்னு அர்த்தம். அமெரிக்கா பாத்துட்டு இது இருந்தா எங்க மேல்சபை செனட்டுக்குக் கொண்டுபோகணும், அங்க ஜெயிக்காது, எங்களால சேர முடியாதுன்னு சொல்லிட்டாங்க. மணிக்கணக்குல கூட்டம் தள்ளிப்போச்சு. அப்புறம் மேடையில சில சின்ன எழுத்துப் பிழைத் திருத்தம்னு படிச்சாங்க, அந்தத் திருத்தங்களோட திருத்தமா ஷேல் போய் ஷுட் வந்துடுச்சு, செய்யறது நல்லதுங்கிற அளவுக்கு எறங்கிடுச்சு. சுத்தியல் தட்டினாங்க. நிகராகுவா பேச கேட்டுட்டு இருந்தாங்க, அவங்களுக்கு மைக் கிடைச்சது சுத்தியல் தட்டினதுக்கு அப்புறம்.

ஒரு நாடு வேண்டாம்னு சொன்னா சுத்தியல், இன்னொரு நாடு வேண்டாம்னு சொன்னா சொல்லே மாறுது. ரெண்டுக்கும் பேர் ஒருமித்த கருத்து. இந்த ரெண்டு மாநாட்டோட இதழ்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. 2024ல அசர்பைஜான்ல பாக்குங்கிற ஊர்ல, வளரும் நாடுகளுக்கான 300 பில்லியன் டாலர் நிதி முடிவப்ப நம்ம இந்தியாவும் அப்படித்தான் மாட்டுச்சு, பேசணும்னு கேட்டுட்டு இருக்கும்போதே தட்டிட்டாங்க, அதுக்கப்புறம் நம்ம பிரதிநிதி சாந்தினி ரெய்னா எந்திரிச்சு இது வெறும் கண்கட்டுங்கிற அர்த்தத்துல பேசினாங்க, அறிக்கையில பதிவாச்சு, முடிவு முடிவாவே இருக்கு.

அடுத்து பழைய இதழ்கள். இந்த சர்வீஸோட உண்மையான சொத்து அதுதான், 1992ல இருந்து எல்லாமே வெப்சைட்ல இருக்கு. அந்த வருஷம் ரியோ மாநாட்டுக்கு முன்னாடி நியூயார்க்ல நடந்த தயாரிப்புக் கூட்டத்துல எர்த் சம்மிட் புல்லட்டின்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம்தான் இந்தப் பேர். ஆரம்பிச்ச அதே வருஷம் காடு பத்தி பெரிய சண்டை. பணக்கார நாடுகள் உலகக் காடுகளுக்குன்னு ஒரு கட்டாய ஒப்பந்தம் வேணும்னாங்க, மலேசியாவும் இந்தியாவும் முன்னாடி நின்னு எங்க காடு எங்க இறையாண்மை, நீங்க உங்க காட்டை எல்லாம் வெட்டிப் பணக்காரங்க ஆயிட்டு இப்ப எங்க கையைக் கட்டப் பாக்குறீங்களான்னு எதிர்த்தாங்க. நம்ம பக்கம் அப்ப அமைச்சர் கமல்நாத். கடைசியில வந்தது சட்டத்தால கட்டுப்படுத்தாத காட்டுக் கோட்பாடுகள் மட்டும். அந்த எதிர்ப்பு நியாயம்னு நான் நெனக்கிறேன், ஆனா இறையாண்மைன்னு பேசின அரசுகள் அந்தக் காட்டுக்குள்ள இருக்கிறவங்க இறையாண்மையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களான்னா இல்ல, அதையும் சேத்தே படிக்கணும்.

தேடுறதுல ஒரு சிக்கல் இருக்கு. காலநிலை 12ஆம் தொகுதி, காடுகள் 13ஆம் தொகுதி, பல்லுயிர் 9ஆம் தொகுதி. ஒரே காடு மூணு இடத்துல கெடக்கும். இது புல்லட்டினோட தப்பு இல்ல, ஐநாவே அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கு, ஒரு இடத்துல கிடைக்காததை இன்னொரு இடத்துல கேட்டுப் பாக்க மூணு இடத்துக்கும் ஆள் அனுப்ப முடிஞ்ச நாட்டுக்கு இது வசதி, மத்தவங்களுக்கு அலைச்சல்.

12ஆம் தொகுதியில 2001க்குப் போங்க, தவறாம போங்க. அந்த வருஷம் மார்ச்ல புஷ் அரசு, பணக்கார நாடுகள் உமிழ்வைக் குறைக்கணும்னு 1997ல போட்ட கியோட்டோ ஒப்பந்தத்துல இருந்து அமெரிக்காவை வெளிய எடுத்துடுச்சு. ஒப்பந்தம் அமலுக்கு வரணும்னா பணக்கார நாடுகளோட உமிழ்வுல 55 சதவீதம் உள்ள இருக்கணும், அமெரிக்கா போனதால ஜப்பானும் ரஷ்யாவும் இல்லாம அது நடக்காது. ஒடனே அவங்க கை ஓங்கிடுச்சு. காடு வளத்து உறிஞ்சுற கார்பனைக் கணக்குல எவ்ளோ கழிச்சுக்கலாம்னு ஒரு பட்டியல் போட்டாங்க, ஜப்பானுக்கு வருஷத்துக்கு 13 மில்லியன் டன் கார்பன், கனடாவுக்கு 12, ரஷ்யாவுக்கு 17.63. ரஷ்யா பத்தலைன்னுச்சு, சில மாசத்துல மொராக்கோவுல மராகெஷ் கூட்டத்துல அது 33 ஆயிடுச்சு. காட்டுல மரம் கூடல, கையெழுத்தோட விலைதான் கூடுச்சு. அதே மராகெஷ்லதான் வளரும் நாடுகள் காட்டை அழிக்காம காப்பாத்தினா அதுக்கு கியோட்டோவுல கிரெடிட் கிடையாது, புதுசா மரம் நட்டா மட்டும்தான்னு முடிவாச்சு. கிரெடிட் குடுக்குறதை எதிர்த்ததுல பிரேசிலும் இருந்துச்சு, ஐரோப்பாவும் இருந்துச்சு, அவங்களுக்கு அவங்க காரணம், பணக்கார நாடுகள் தங்க புகையை விட்டுட்டு மலிவா காட்டை வாங்கிக் கணக்குக் காட்டும்ங்கிற பயம். பயம் சரியானதுதான். ஆனா தங்க காட்டுக்குத் தாங்களே எண் போட்டுக்கிட்டவங்களையும், அடுத்தவங்க அளந்து சொன்னாத்தான் காசுன்னு ஆனவங்களையும் ஒரே பக்கத்துல வச்சுப் பாக்குறப்ப மனசு கொதிக்குது.

அந்தக் கதவு மறுபடி தெறந்தது 2005 மாண்ட்ரியல்ல, பாப்புவா நியூ கினியும் கோஸ்டாரிக்காவும் மனு குடுத்தாங்க. பாப்புவா நியூ கினியில வளந்த கெவின் கான்ராட் நியூயார்க்ல மழைக்காட்டு நாடுகள் கூட்டணிக்குத் தலைமையா இருந்து நடத்தினார். ரெண்டு வருஷம் கழிச்சு இந்தோனேசியாவுல பாலியில அமெரிக்கா முரண்டு புடிச்சப்ப, தலைமை ஏத்துக்க மனசில்லன்னா வழியை விடுங்கன்னு நேருக்கு நேரா சொன்னது அவர்தான், கொஞ்ச நேரத்துல அமெரிக்கா எறங்கி வந்துச்சு. ஒரு சின்ன நாடு ஜெயிச்ச அபூர்வமான கட்டம் அது, அதை இன்னிக்குப் படிச்சாலும் எனக்கு சந்தோஷமா இருக்கும். ஆனா ஜெயிச்ச விதத்தையும் பாக்கணும், காட்டை டன் கணக்குல கார்பனா மாத்திச் சொன்னப்பதான் காது குடுத்தாங்க. தேன் எடுக்குற காடு, சாமி இருக்குற காடுன்னு சொல்லியிருந்தா எந்த ரூம்லயும் எடம் கிடைச்சிருக்காது.

அப்புறம் 2008, போலந்துல பொஸ்நான். அந்த வருஷ இதழ்களோட மத்த கட்டுரைகளையும் சேத்துப் படிங்க. பாலி முடிவுல காடழிப்பைக் குறைக்கிறதுன்னு எழுதிட்டு ஒரு அரைப்புள்ளி போட்டு, அதுக்கப்புறம் காட்டுப் பாதுகாப்பு, காடு வளத்தல்னு எழுதியிருந்தாங்க. அரைப்புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறது ரெண்டாம்தரம்னு ஆயிடும், இந்தியா மாதிரி காட்டை ஓரளவு காப்பாத்தி வளக்குற நாட்டுக்குக் காசு வராது. அதனால இந்தியா விடாம நின்னுச்சு, பொஸ்நான்ல அரைப்புள்ளி காற்புள்ளியா மாறுச்சு. ரெட் பிளஸ்ல இருக்கிற அந்த பிளஸ்ஸோட கதை இதுதான். அதே பொஸ்நான்ல, அதே வரைவுல, பழங்குடிகளோட உரிமைகள்னு ஒரு இடம் இருந்துச்சு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாலு பேரும் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னாங்க. முந்தின வருஷம் ஐநாவுல பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டதும் இதே நாலு நாடுகள்தான். உரிமை போயிடுச்சு. இன்டிஜினஸ் பீப்பிள்ஸ்ல கடைசியில இருக்கிற எஸ்ஸும் போயிடுச்சு. எஸ் இருந்தா தனித்தனி மக்களினங்கள், அவங்களுக்கு சுயநிர்ணய உரிமை உண்டு, எஸ் இல்லன்னா சும்மா பழங்குடி ஆளுங்க. சுயநிர்ணயம்ங்கிற சொல்லுக்கு எவ்ளோ கனம்னு தமிழ் படிக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். இந்தியா கேட்ட காற்புள்ளி கிடைச்சுது, காட்டுல இருக்கிறவங்க கேட்ட ஒரு எழுத்து கிடைக்கல. வெளிய அவங்க உரிமை இல்லாம ரெட் இல்லைன்னு கோஷம் போட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு கான்கூன்ல அந்த எஸ் திரும்ப வந்துச்சு, உரிமைகளும் வந்துச்சு, ஆனா ஐநா பிரகடனத்தைப் பின்பற்றணும்னு எழுதல, அப்படி ஒண்ணு ஏத்துக்கப்பட்டிருக்குன்னு குறிச்சுக்கிறோம்னு மட்டும் எழுதியிருக்கு.

இப்ப குறைகள். இதுலயும் மனசுல பட்டதைச் சொல்லிடணும்.

மொதல் குறை, பழங்குடிகள், மத்த பார்வையாளர் அமைப்புகள் பேசினது ஒரு வரி ரெண்டு வரிதான் வரும். அவங்களுக்குப் பேச எடமே எல்லா நாடும் பேசி முடிச்சு நேரம் மிச்சம் இருந்தாதான், அதனால இருக்கிறதைத்தான் எழுத முடியும்னு புரியுது, இருந்தாலும் ரெண்டு பக்கத்துல அவங்களுக்கு அரைப்பத்தியாவது வேணும்.

ரெண்டாவது, கதவு சாத்தின கூட்டங்கள். சில ரூமுக்கு இவங்களை உள்ளயே விட மாட்டாங்க, சில ரூம்ல உக்காரலாம் ஆனா யார் சொன்னாங்கன்னு எழுதக் கூடாது. அப்ப பல நாடுகள், ஒரு வளரும் நாடுகள் குழுன்னு மொட்டையா இருக்கும். கடைசி நாலு நாள் இதழ்கள் இப்படித்தான் மெலிஞ்சுபோகும், உண்மையான பேரம் நடக்குறதே அந்த நாலு நாள்தான். இதுக்கு ஈடுகட்ட கடைசியில நடைபாதையில கேட்டதுன்னு ஒரு பகுதி இருக்கும், இன் த காரிடார்ஸ்னு, அதை மொதல்ல படிங்க, அன்னிக்கு அங்க இருந்த மனநிலை அதுல தெரியும். போட்டோக்களையும் விடாதீங்க. யார் யாரோட தலையைச் சேத்துப் பேசுறாங்கன்னு போட்டோ சொல்லிடும். 2011ல தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊர்ல விடியக்காலைல ஐரோப்பாவோட கோனி ஹெடகார்டும் அப்ப சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த நம்ம தமிழ்நாட்டு ஜெயந்தி நடராஜனும் எல்லாரும் சூழ நின்னு ஒரு சொல்லுக்காக வாதாடினாங்களே, சட்ட வலிமைங்கிற அந்தச் சொல்லை பிரேசில்காரர் எடுத்துக் குடுத்து முடிச்சாங்களே, அந்த மாதிரி வட்டத்துல யார் உள்ள, யார் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாக்குறாங்கன்னு பாத்தாலே போதும்.

மூணாவது, பணம். இதை நடத்த நிதி குடுக்குறது ஐரோப்பிய யூனியன், ஜெர்மனி, ஜப்பான் மாதிரி பணக்கார அரசுகள்தான், அதை அவங்களே ஒவ்வொரு இதழ்லயும் போட்டுடுறாங்க, மறைக்கல. அதனால பொய் எழுதுறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பத்து வருஷத்துல அப்படித் தோணினதில்ல. ஆனா நடுநிலைங்கிறது பலம் சமமா இருக்கிற இடத்துல சரி, இல்லாத இடத்துல ஒருத்தர் இப்படிச் சொன்னார் இன்னொருத்தர் அப்படிச் சொன்னார்னு எழுதினா பலம் இருக்கிற பக்கம் தானா சாஞ்சிடும். அதனால கூடவே மலேசியாவுல பினாங்ல இருந்து வர்ற தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க்கோட குறிப்புகளையும் படிங்க, அது தெற்கு நாடுகள் பக்கம் நின்னு எழுதுறது, யார் தடுத்தாங்கன்னு பேர் சொல்லும். ரெண்டும் சேந்தாத்தான் முழுப்படம்.

நாலாவது எனக்குப் பெரிய குறை. காசு பேசுற இடம் இந்த ரூம்கள்ல இல்ல, அதனால இந்த ரெண்டு பக்கத்துல அது வரவே வராது. 2010ல நார்வே இந்தோனேசியாவுக்கு 1 பில்லியன் டாலர் வரைக்கும் தர்றதா கையெழுத்துப் போட்டுச்சு, காடழிப்பு குறைஞ்சா காசுன்னு. 2016-17ல குறைஞ்சதுக்கு சுமார் 56 மில்லியன் வரணும், வரல வரலன்னு 2021 செப்டம்பர்ல இந்தோனேசியாவே ஒப்பந்தத்தை முறிச்சிடுச்சு, அடுத்த வருஷம் புது ஒப்பந்தம் போட்டு அப்புறம்தான் காசு வந்துச்சு. எது குறைஞ்சதா எண்ணப்படும், எப்ப குடுக்கணும்னு தீர்மானிக்கிறது யார் கையில இருக்குன்னு புரிய இந்த மாதிரி ரெண்டு நாட்டு ஒப்பந்தங்களைத் தனியா தேடிப் படிக்கணும், புல்லட்டினை நம்பி உக்காந்திருந்தா அந்தப் பாதி தெரியாமலே போயிடும்.

பெலெம்லயும் அதேதான். காட்டுக்குன்னு பிரேசில் கொண்டுவந்த பெரிய நிதி, டி.எஃப்.எஃப்.எஃப்.னு பேர், மாநாடு தொடங்குறதுக்கு முன்னாடியே தலைவர்கள் கூட்டத்துல அறிவிச்சாங்க, ஐநா பேச்சுவார்த்தைக்கு வெளிய. இலக்கு 125 பில்லியன் டாலர், 25 அரசுகள் போடணும், 100 தனியார் முதலீடு. காட்டை நிக்க வச்சா ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 4 டாலர், நம்ம கணக்குல ஏக்கருக்கு ஏறக்குறைய 140 ரூபா. அதுல 20 சதவீதம் பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும்னு எழுதியிருக்கிறது நல்ல விஷயம், அதுக்காக அவங்க எவ்ளோ போராடியிருப்பாங்கன்னு தெரியும். ஆனா வர்ற வருமானத்துல மொதல்ல முதலீட்டாளர்களுக்கு, அப்புறம் பணம் போட்ட அரசுகளுக்கு, மிஞ்சினது காட்டுக்கு. சந்தை சரிஞ்ச வருஷம் காட்டுக்காரங்களுக்கு என்ன மிஞ்சும்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க தப்பு பண்ணாமலே காசு நிக்கும்.

இவ்ளோ குறை சொல்லிட்டு அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன், காரணம் பெலெம் இதழ்களேதான். அமேசான் வாசல்ல நடந்த மாநாடு, காடழிப்பை நிறுத்த ஒரு பாதைத்திட்டம் வேணும்னு பல நாடுகள் கேட்டாங்க. நவம்பர் 14 காலைல முண்டுருக்குங்கிற அமேசான் பழங்குடி மக்கள் வாசலை மறிச்சு உக்காந்தாங்க, மாநாட்டுத் தலைவர் ஆந்த்ரே கொரேயா தோ லாகோ வெளிய வந்து அவங்ககூட பேசினார். 20ஆம் தேதி கூடாரத்துல தீப்பிடிச்சு எல்லாரையும் வெளியேத்தினாங்க. 22ஆம் தேதி இறுதி முடிவு வந்தப்ப அந்தப் பாதைத்திட்டம் அதுல இல்ல, பெட்ரோல் நிலக்கரியை விடுறதுக்கான பாதைத்திட்டமும் இல்ல, கொலம்பியா எழுந்து எதிர்க்க கூட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாச்சு. தலைவர் தன் பொறுப்புல ரெண்டு பாதைத்திட்டமும் தயாரிக்கிறேன்னு அறிவிச்சார், ஆனா அது அவர் முயற்சி, நாடுகளோட முடிவு இல்ல. டிவியில பாத்தவங்களுக்கு இந்த வித்தியாசம் போய்ச் சேரல, எங்க குழுவுலயே காடழிப்புக்குத் திட்டம் வந்துடுச்சுல்லன்னு ஒரு அண்ணன் சந்தோஷமா போன் பண்ணார். நான் முடிவையும் அறிவிப்பையும் பிரிச்சுப் படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாம இருந்தார்.

படிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணு. தினசரி இதழ்ல நேரா குதிக்காதீங்க, மாநாடு முடிஞ்சு ஓரிரு நாள்ல ஒரு நீளமான தொகுப்பு வரும், அதோட கடைசியில சுருக்கமான அலசல்னு சில பக்கம் இருக்கும், அதைப் படிச்சுட்டு பின்னாடி போங்க. மொபைல்ல படிக்கலாம், எனக்கென்னவோ பேப்பர்லதான் ஒட்டுது. மொழிதான் பெரிய தடை, தமிழ்ல இல்ல, இந்தியிலயும் இல்ல. காட்டுல இருக்கிறவங்க பேசுற எத்தனையோ மொழியில எதுலயும் இல்ல. எங்க குழுவுல இப்ப ஒவ்வொரு மாநாட்டுக்கும் நாலு பக்கம் தமிழ்ல சுருக்கி ஜெராக்ஸ் எடுத்து குடுக்குறோம், முண்டுருக்கு மக்கள் வாசல்ல உக்காந்த கதையைக் கேட்டுட்டு மலையில இருந்து வந்த ஒரு அக்கா, அவங்க காட்டுலயும் கிராமசபை சம்மதம் கேக்காமதான் வர்றாங்களான்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன்.

பெலெமுக்கு அடுத்தது 2026 ஜூன்ல ஜெர்மனியில பான் ஊர்ல வழக்கமான இடைக்காலக் கூட்டம், அதுக்கப்புறம் 2026 நவம்பர்ல துருக்கியில அன்தால்யா, பேச்சுவார்த்தையை நடத்தப்போறது ஆஸ்திரேலியா. பொஸ்நான்ல உரிமைகள்ங்கிற சொல்லை எடுக்கச் சொன்ன நாலுல ஒண்ணு, அதையும் ஞாபகத்துல வச்சுக்கிட்டு இப்பவே மெயில் ஐடி குடுத்து வச்சிடுங்க, மஞ்சள் மார்க்கரும் ஒண்ணு வாங்கிக்கோங்க.